இழுக்கிற நாய்க்குக் கழுத்திலா, மார்பிலா?

மல்லனின் எடை 54 கிலோ. என் எடை 57. மூன்று கிலோதான் வித்தியாசம், அவனுக்கோ நாலு கால். பாதி போர்புல் ரத்தம், மீதி என்னவென்று யாருக்கும் தெரியாது. அகன்ற மார்பு, என் தொடை அளவுக்குக் கழுத்து. தென்னாப்பிரிக்கப் பண்ணைகளைக் காவல் காக்க வளர்த்த இனம் அது. அந்த வலு கலப்பிலும் குறையவில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவள். 1997-இல் கல்யாணமாகி டர்பனுக்கு வந்தேன். வீடு சாட்ஸ்வொர்த்தில். எங்கள் தெரு மேட்டிலிருந்து நேராகக் கீழே இறங்கும் தெரு. நாய் இழுத்தால் சரிவும் சேர்ந்துகொண்டு இழுக்கும். சமதரையில் நடப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் பாதிதான் புரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்து வீட்டு மாமரத்திலிருந்து ஒரு குரங்கு குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு மதில் மேல் குதித்தது. கறுத்த முகமும் சாம்பல் உடம்புமான வெர்வெட் குரங்கு, இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. மல்லன் கழுத்தில் காலர் மட்டும்தான் இருந்தது. அதில் மாட்டிய பிடிகயிற்றை, அதாவது லீஷை, நான் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தேன். அவன் பாய்ந்த வேகத்தில் நான் முழங்கால் தேய விழுந்தேன். மணிக்கட்டு எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. என் வலியை நான் பொறுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி முழுக்க அவன் தொண்டையில் முள் சிக்கினதுபோல வறட்டு இருமல் இருமியதைத்தான் பொறுக்க முடியவில்லை. இத்தனை நாளும் இந்தப் பிள்ளையின் கழுத்தை நாம்தான் நெரித்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கழுத்து நாம் நினைக்கிற மாதிரி வெறும் தசை இல்லை. மூச்சுக்குழல், உணவுக்குழல், தைராய்டு, பெரிய ரத்தக்குழாய்கள், முதுகுத்தண்டின் மேல்பகுதி எல்லாம் அந்தச் சின்ன இடத்தில்தான் நெருங்கிக் கிடக்கின்றன. நாய் முழு பலத்தோடு இழுக்கும்போது அந்த பலமெல்லாம் இரண்டு விரல் அகலப் பட்டையில் வந்து நிற்கிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் நாய்களைக் காலரிலும், மார்பைச் சுற்றி மாட்டுகிற பட்டையான ஹார்னஸிலும் இழுக்கவிட்டுக் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்தார்கள். காலரில் இழுத்தபோது அழுத்தம் ஏறியது, ஹார்னஸில் ஏறவில்லை. கண் அழுத்த நோய் உள்ள நாய், மூக்கு சப்பையான பக், பாக்ஸர் போன்ற நாய், ஏற்கெனவே இருமுகிற நாய், கழுத்து எலும்பில் கோளாறுள்ள நாய் ஆகியவற்றுக்கு லீஷைக் காலரில் மாட்டவே கூடாது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அப்படியென்றால் ஹார்னஸ் வாங்கினால் முடிந்தது என்று நானும் நினைத்தேன். முதலில் வாங்கினது முதுகில் வளையம் உள்ளது. கடைக்காரர் இதுதான் பெரிய நாய்க்கு ஏற்றது என்று எடுத்துக்கொடுத்தார். மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன், இன்னும் அதிகமாக இழுத்தான். ஊரில் மாட்டுவண்டி பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று சொல்லவே வேண்டாம். காளை நுகத்துக்குக் கழுத்தைக் கொடுத்து உந்துகிறது, குதிரை மார்புப் பட்டைக்கு மார்பைக் கொடுத்து உந்துகிறது. பாரம் பரவலாக உட்கார்ந்தால் வலிக்காது, வலிக்காவிட்டால் உந்தலாம். பனிநாட்டில் வண்டி இழுக்கிற நாய்களுக்கும் இப்படித்தான் பூட்டுகிறார்கள். முதுகு வளையம் தொண்டையைக் காப்பாற்றும், ஆனால் இழுப்பை நிறுத்தாது. சொன்னபடி நடக்கிற நாய்க்கும், சின்ன நாய்க்கும் அது அருமையான சாமான். 54 கிலோவுக்கு அது மட்டும் போதாது.

எனக்கு உதவியது நெஞ்சுக்கு நேரே வளையம் உள்ள ஹார்னஸ். இதன் கணக்கு வேறு. லீஷ் நெஞ்சிலிருந்து வருவதால், அவன் முன்னால் பாய்ந்தால் உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும். முகம் என் பக்கம் வந்துவிடும். முன்னால் போகிற பலம் அந்தத் திருப்பத்திலேயே கரைந்துபோகும். வலியில்லை, நெரிப்பில்லை. முதல் நாளே என் கையில் வருகிற பாரம் பாதியாகக் குறைந்ததுபோல இருந்தது. இதற்கும் குறை உண்டு. ஓட்டப் பயிற்சிக்கு இது வேண்டாம், நாள் முழுக்க ஒரு பக்கமாகவே இழுபட்டால் தோளுக்கு நல்லதில்லை. தலையைக் குனிந்து மோப்பம் பிடிக்கும்போது லீஷ் முன்னங்காலுக்கு அடியில் போய்விடும், அதைப் பார்த்து எடுத்துவிட வேண்டும்.

அதனால் நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று என்று இரண்டு வளையமும் உள்ளதைத்தான் வாங்கச் சொல்வேன். இரண்டு முனையிலும் கொக்கி உள்ள லீஷ் ஒன்று கிடைக்கிறது. ஒரு கொக்கி முதுகில், ஒரு கொக்கி நெஞ்சில். சாதாரணமாக முதுகுப் பக்கத்தால் பிடித்துக்கொண்டு நடக்கலாம், குரங்கு வந்தால் நெஞ்சுப் பக்கத்தால் திருப்பலாம்.

முகத்தில் மாட்டுகிற ஹால்ட்டி என்று ஒன்று இருக்கிறது. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எப்படியோ அப்படி. தலை திரும்பினால் உடம்பு திரும்பும். நாயின் எடை ஆளின் எடையை விடக் கூடினால், அல்லது ஆளுக்குத் தோள்பட்டை வலி இருந்தால், இது கை கொடுக்கும். ஆனால் வெடுக்கென்று இழுத்தால் கழுத்து முறுக்கிக்கொள்ளும், நீளக் கயிறோடு சேர்த்துப் போடவே கூடாது. மூக்கின் மேல் பட்டையைப் பெரும்பாலான நாய்கள் முதலில் காலால் பிறாண்டித் தள்ளும். தீனி காட்டி இரண்டு வாரம் பழக்குகிற பொறுமை இருந்தால் வாங்குங்கள்.

சுருக்குச் சங்கிலி, உள்ளே முள் வைத்த காலர் பற்றி என் கருத்து ஒன்றுதான்: வேண்டாம். நாய் பழக்குகிற ஒருவர் என்னிடம் சங்கிலியைக் கொடுத்து, 'நாலு தடவை வெட்டி இழுத்தா தானா அடங்கிருவான்' என்றார். இரண்டு நாள் செய்தேன். எதிர்வீட்டு நாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தில் வலி வந்ததால், அந்த நாய்தான் வலிக்குக் காரணம் என்று மல்லன் எடுத்துக்கொண்டான். முன்னே வாலாட்டிய நாயைப் பார்த்து உறும ஆரம்பித்தான். அதைச் சரிசெய்ய எனக்கு நாலு மாதம் ஆனது.

இனி அளவு. ஹார்னஸ் நல்லதா கெட்டதா என்பது முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது. தையல்காரர் நாடாவை எடுத்துக்கொண்டு நாயை நிற்கவையுங்கள், உட்கார்ந்தால் அளவு மாறும். முன்னங்கால்களுக்குப் பின்னால், விலாவின் அகலமான இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். மல்லனுக்கு 92 சென்டிமீட்டர். பிறகு காலர் உட்காரும் இடத்தில் கழுத்து, அவனுக்கு 58. 'பெரிய நாய்க்கு லார்ஜ்' என்று கண்ணால் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் லார்ஜ் வேறு.

மாட்டின பிறகு நான் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அவனை முன்னால் நிறுத்தி, கையால் தடவித் தடவிப் பார்ப்பேன். கழுத்து முடிந்து மார்பு தொடங்குகிற இடத்தில் ஓர் எலும்பு முன்னால் துருத்திக்கொண்டு விரலில் தட்டும். முன் வளையம் அந்த எலும்பின் மேல் உட்கார வேண்டும். அதற்கு மேலே ஏறினால் தொண்டையை அழுத்தும், பிறகு ஹார்னஸ் போட்டும் புண்ணியமில்லை. முன்னாலிருந்து பார்த்தால் பட்டைகள் ஆங்கில ஒய் எழுத்துப் போலப் பிரிந்து, தோள்மூட்டு இரண்டையும் விட்டுவிட்டு மேலே போக வேண்டும். மார்பின் குறுக்கே ஒரே பட்டை படுத்திருந்தால், கால் முன்னே போகும்போதெல்லாம் அது தோளில் முட்டும். அடிப்பட்டை அக்குளிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்க வேண்டும். எந்தப் பட்டைக்கு அடியிலும் இரண்டு விரல் படுக்கையாக நுழைய வேண்டும், மூன்றாவது நுழைந்தால் தொளதொளப்பு. கடைசியாக முன் வளையத்தைப் பிடித்து இடது வலதாக ஆட்டுங்கள். அது தோளுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டால் இன்னும் ஒரு சுற்று இறுக்க வேண்டும்.

அந்த ஒரு சுற்றை நான் விட்டதால் ஒரு தீபாவளி ராத்திரி என் உயிர் போய் வந்தது. சாயங்காலம் சீக்கிரமே கூட்டிக்கொண்டு போய்த் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். தெருமுனையில் வெடி வெடித்தது. நாம் நாய் முன்னால் இழுக்கும் என்றுதான் எப்போதும் நினைக்கிறோம், பயந்த நாய் பின்னால் போகும். மல்லன் தலையைத் தாழ்த்திப் பின்வாங்கினான், ஹார்னஸ் சட்டையைக் கழற்றுவது போலத் தலைவழியாக என் கையோடு வந்துவிட்டது. மூன்று மணி நேரம் தேடினோம். பக்கத்துத் தெருவில் நின்ற காருக்கு அடியில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தான். காலரில் என் போன் நம்பர் பொறித்த தகடு இருந்ததால் அந்த வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

அன்றிலிருந்து காலர், ஹார்னஸ் இரண்டும் சேர்த்துத்தான். ஒரு சாண் நீளச் சின்னப் பட்டையின் ஒரு முனை ஹார்னஸ் வளையத்தில், மறுமுனை காலரில். சும்மா தொங்கும், ஹார்னஸ் கழன்றால் மட்டும் வேலை செய்யும். வயிற்றுப் பக்கம் இன்னொரு பட்டை கூடுதலாக உள்ள ஹார்னஸும் கிடைக்கிறது, பயந்த சுபாவமுள்ள நாய்க்கு அதுவே மேல். தலையைவிடக் கழுத்து பெருத்த நாய்க்குச் சாதாரணக் காலர் உருவிக்கொண்டு வந்துவிடும். அதற்கு மார்ட்டிங்கேல் என்கிற காலர். இழுத்தால் கொஞ்சம் சுருங்கி ஓர் அளவில் நின்றுவிடும், சுருக்குக் கயிறுபோல நெரித்துக்கொண்டே போகாது.

ஆகவே காலரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பெயர்த் தகடு தொங்க அதுதான் இடம். லீஷ் தளர்ந்து கிடக்க நடக்கப் பழகிவிட்ட நாய்க்கு அதில் மாட்டி நடந்தால் ஒரு கெடுதலும் இல்லை. பெரிய நாய்க்கு நாலு சென்டிமீட்டர் அகலமாவது இருக்கட்டும்.

டர்பன் வெக்கையைச் சொல்லாமல் விட முடியாது. இங்கே கோடையான ஜனவரியில் காற்றே பிசுபிசுக்கும். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றுகிறது. உடம்பையே மூடுகிற பஞ்சு வைத்த ஹார்னஸ் இங்கே ஆகாது, பட்டை மட்டும் உள்ளதை வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள், ஈரம் தங்கினால் அக்குளில் சிவந்து புண்ணாகும். கடற்கரைக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அலசிக் கொக்கியின் ஸ்பிரிங்கை அசைத்துப் பாருங்கள், உப்பு அதைத் தின்றுவிடும்.

கழற்றும்போதே பட்டை இருந்த இடமெல்லாம் விரலால் துழாவுங்கள். சில்வர்கிளென் புல்வெளிப் பக்கம் போய்வந்தால் உண்ணி ஏறும், அதுவும் பட்டைக்கு அடியிலும் அக்குளிலும் போய் ஒளியும். ரத்தத்தைத் தாக்குகிற பிலியரி காய்ச்சல் அதிலிருந்துதான் வருகிறது. சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

லீஷ் 1.8 மீட்டர், தோல் அல்லது தடித்த பட்டை. பொத்தானை அமுக்கினால் நீளுகிற சுருள் லீஷ் வலுவான நாய்க்கு வேண்டாம். அதன் மெல்லிய கயிறு கையை அறுக்கும், நீண்டுவிட்ட பிறகு பாய்ந்தால் நிறுத்தவும் முடியாது. மணிக்கட்டில் சுற்றவே சுற்றாதீர்கள். கைப்பிடி வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மீதியை மடித்து அதே உள்ளங்கையில் பிடியுங்கள், மற்றக் கை லீஷின் நடுவில். பாய்ந்தால் இரண்டு கையையும் தொப்புளோடு சேர்த்து, முழங்காலை மடக்கி நில்லுங்கள். கையை நீட்டினால் பலமெல்லாம் போச்சு.

ஹார்னஸ் நேரம் வாங்கித் தரும், பாடம் நாம்தான் சொல்லித்தர வேண்டும். லீஷ் விறைத்தால் நான் நின்றுவிடுவேன், தளர்ந்தால் நடப்பேன். என் இடது தொடைக்குப் பக்கத்தில் வந்தால் வேகவைத்த கோழித்துண்டு, உப்பில்லாமல். பில்டாங் என்கிற காயவைத்த இறைச்சி வேண்டாம், அதில் உப்பும் மசாலாவும் அதிகம். முதல் வாரம் எங்கள் வாசலிலிருந்து நாலாவது வீடு வரை போய்வரவே கால் மணி நேரம் ஆனது. மூன்றாவது மாதம் தெருமுனையை ஒரே மூச்சில் தொட்டோம். குரங்கைக் கண்டால் அவன் காது விறைப்பதற்குள் நான் எதிர்ப்பக்கம் கடந்துவிடுவேன். பாய்ந்த பிறகு நிறுத்துவதை விட இது எவ்வளவோ சுலபம்.

குட்டி வளர்க்கிறவர்கள் மாதம் ஒரு தடவை அளந்து பாருங்கள், இவ்வளவு பெரிய இனம் இரண்டு வயது வரை மார்பு விரியும். வளர்ந்த நாய்க்கும் வாரம் ஒருமுறை தையலையும் பிளாஸ்டிக் பக்கிளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், வெயில் பட்டுப் பட்டு வெளுத்த பிளாஸ்டிக் திடீரென்று உடையும்.

என் நாத்தனார் பேரனுக்கு ஒன்பது வயது. வீட்டுக்கு வந்தால் மல்லனை நான்தான் பிடிப்பேன் என்று ஒரே பிடிவாதம். அவனுக்கென்று இரண்டாவது லீஷ் ஒன்று வைத்திருக்கிறேன், முதுகு வளையத்தில் மாட்டியது. நெஞ்சு வளையம் என் கையில். என்னுடையதைவிட அவனுடையது ஒரு முழம் நீளம் அதிகம், மல்லன் பாய்ந்தாலும் பாரம் முதலில் என் கைக்குத்தான் வரும். அவன் கையிலும் வளையத்தை மாட்டிவிட மாட்டேன், சும்மா உள்ளங்கையில் பிடிக்கத்தான் கொடுப்பேன். 'ஆயா, நான் சொன்னா கேக்குறான் பாருங்க' என்று மேடு முழுக்க அவன் பேசிக்கொண்டே வருவான்.