சீலியாக் ரத்தப் பரிசோதனை: கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே செய்யுங்கள்

சீலியாக் நோயாக (கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இருக்குமோ என்று தோன்றியதுமே பலர் முதல் வேலையாகக் கோதுமையை விட்டுவிடுகிறார்கள். பரிசோதனையைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். லேப் தேடுவது குளூட்டனை அல்ல, குளூட்டன் உள்ளே போவதால் உடல் தன் திசுவுக்கு எதிராகவே உண்டாக்கும் ஆன்டிபாடிகளை. குளூட்டன் நின்றால் அவையும் வரவரக் குறையும்; நோய் இருந்தும் 'நெகட்டிவ்' என்று வரும்.

அதனால் ரத்தம் கொடுக்கும்வரை கோதுமை, பார்லி, ரை எதையும் நிறுத்தாதீர்கள். முன்பே நிறுத்திவிட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மறுபடி தொடங்க வேண்டும். தினமும் குறைந்தது 3 கிராம் குளூட்டன் தேவை. கோதுமை பிரெட் இரண்டு ஸ்லைஸில் அது கிடைத்துவிடும். இரண்டு வாரம் என்பது குறைந்தபட்சம்தான். உடம்பு தாங்கினால் 6 முதல் 8 வாரம் சாப்பிட்டபின் எடுக்கும் ரத்தமே நம்பகமானது. தாங்கவே முடியாதவர்கள் எச்.எல்.ஏ. டி.கியூ.2, டி.கியூ.8 மரபணுச் சோதனையைக் கேட்கலாம். அது உணவால் மாறாது. இரண்டுமே இல்லையென்றால் சீலியாக்கை அநேகமாக ஒதுக்கிவிடலாம். இருந்தால் மட்டும் நோய் உறுதியாகாது, நோயில்லாத பலருக்கும் அவை உண்டு.

மருத்துவர் எழுதிய சீட்டில் இரண்டு சோதனைகளின் பெயர்கள் இருக்கின்றனவா பாருங்கள்: டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. (சீலியாக்கில் ஏறும் முக்கிய ஆன்டிபாடி), மொத்த ஐ.ஜி.ஏ. (அந்த வகை ஆன்டிபாடி ரத்தத்தில் மொத்தம் எவ்வளவு என்பது). இரண்டாவதைத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐ.ஜி.ஏ.வே சரியாகச் சுரப்பதில்லை. அவர்களுக்கு டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. குறைவாக வருவதில் அர்த்தமே இல்லை, ஐ.ஜி.ஜி. என்ற வேறு வகை ஆன்டிபாடியைத் தேடும் டி.டி.ஜி. ஐ.ஜி.ஜி. அல்லது டி.ஜி.பி. ஐ.ஜி.ஜி. பார்க்க வேண்டும். பழைய ஆன்டி-கிளையடின் சோதனையும், 'உணவு ஒவ்வாமை' என்று விற்கப்படும் ஐ.ஜி.ஜி. பட்டியல்களும் இதற்கு உதவாது.

வெறும் வயிறு தேவையில்லை. வழக்கம்போல் கைநரம்பில் சில மில்லி ரத்தம், அவ்வளவுதான். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், ஆன்டிபாடி குறைவாகக் காட்டலாம்.

ரிப்போர்ட்டில் வெறும் எண்ணைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச வரம்பைப்போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். ஒவ்வொரு கிட்டுக்கும் வரம்பு வேறு. கொஞ்சமே கூடியிருந்தால் அவசரப்பட வேண்டாம்: டைப் 1 நீரிழிவு, கல்லீரல் நோய், சில தொற்றுகளிலும் அப்படி ஏறும். அப்போது ஈ.எம்.ஏ. என்ற இன்னொரு ஆன்டிபாடிச் சோதனை கைகொடுக்கும். குழந்தைகளுக்கு டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. உச்ச வரம்பைப்போல் 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, தனியாக எடுத்த இரண்டாவது ரத்த மாதிரியில் ஈ.எம்.ஏ.வும் பாசிட்டிவ் என்றால், 2020 ஐரோப்பிய வழிகாட்டுதல்படி பயாப்ஸி (குடல் திசு எடுத்துப் பார்ப்பது) இல்லாமலே நோயை உறுதி செய்யலாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் எண்டோஸ்கோபி செய்து, சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் பல இடங்களிலிருந்து திசு எடுப்பார்கள்.

ரத்தம் 'பாசிட்டிவ்' என்றதும் அன்றே கோதுமையை நிறுத்துவது அடுத்த தவறு. குடல் ஆறத் தொடங்கினால் பயாப்ஸி தெளிவில்லாமல் போகும். எண்டோஸ்கோபி முடியும்வரை சாப்பிடுங்கள். குளூட்டன் இல்லாத பத்தியம் தொடங்கியபின் 6 மாதத்திலும் 12 மாதத்திலும் அதே லேபில், அதே சோதனையைத் திரும்பச் செய்தால்தான் எண்களை ஒப்பிட முடியும்.