வீட்டுக்குள் வெள்ளம் எந்த வழியால் வருகிறது? மண்மூட்டை அடுக்க முதல் இதைப் பாருங்கள்

ஐப்பசி பிறந்தால் எல்லோரும் வாசலைத்தான் பார்க்கிறார்கள். நாலு மண்மூட்டை போட்டால் சரி என்ற நினைப்பு. யாழ்ப்பாணத்தில் வெள்ளம் பாய்ந்து வருவது குறைவு. ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும். நிலம் தட்டை, கீழே சுண்ணாம்புக்கல். கார்த்திகையில் கிணற்றுத் தண்ணீர் மேலே ஏறி வந்துவிட்டால் அதற்குப் பிறகு பெய்கிற மழைக்கு மண்ணுக்குள் இடமில்லை. அது வளவிலேயே நின்று மெல்ல மெல்ல ஏறும், வீட்டில் எந்த ஓட்டை ஆகத் தாழ்வாக இருக்கிறதோ அதற்குள்ளால் உள்ளே வரும். 2008 நிஷா, 2020 புரெவி, 2024 பெங்கல் என்று மூன்று புயலிலும் நடந்தது இதுதான்.

எங்கள் வீட்டில் அது பாத்றூம் தரையில் தண்ணீர் வடிகிற ஓட்டை. வாசல் காய்ந்து கிடக்க, பின்பக்கம் குசினி வரைக்கும் தண்ணீர். அதனால் இந்தப் பதிவில் பாத்றூமுக்குத்தான் கூடின இடம்.

முதலில் மட்டம் எடுங்கள்

போன வெள்ளம் மதிலில் விட்டுப்போன ஊத்தைக் கோடு இன்னும் தெரியும். அதை மேசன்மார் மட்டம் பார்க்கிற தெளிவான ரியூப்பில் தண்ணீர் நிரப்பி வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்: ஒரு முனை கோட்டில், மறு முனை வாசற்படியில், பிறகு பாத்றூமில், பிறகு குசினியில். ஒவ்வொரு இடத்திலும் சுவரில் பென்சிலால் ஒரு கீறு. அந்தக் கீறுக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு ஓட்டையும் வெள்ளம் வரும் வழி. போனில் இருக்கிற மட்டம் பார்க்கும் அப் எல்லாம் இதற்குச் சரிவராது, ரியூப்தான்.

பாத்றூம் ஓட்டை

கழிவு நீர் போகிற குழி நிலத்தடி நீரால் நிரம்பிவிட்டால் பைப்பில் ஓட்டம் திரும்பிவிடும். வெளியே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டம் வரைக்கும் உள்ளேயும் ஏறிவிட்டுத்தான் நிற்கும். துணி அடைத்துக் கல் வைப்பது பலரும் செய்வது. துணி கசியும், விடிய எழும்பிப் பார்த்தால் அறை நனைந்திருக்கும்.

நல்ல வழி என்னவென்றால் அந்தத் தண்ணீரை மறிக்காமல் ஒரு பைப்புக்குள் ஏற விடுவது. ஓட்டையின் மூடியைக் கழற்றி, உள்ளே இறங்கக்கூடிய அளவில் ஒரு எஸ்லோன் (PVC) பைப் துண்டு எடுங்கள். அதன் அடிப்பக்கத்தில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கமாகச் சுற்றுங்கள், சுற்று தடித்துப் போய் பைப் தட்டித்தான் இறங்க வேண்டும், கையால் லேசாக இறங்கினால் இன்னும் இரண்டு சுற்று போடுங்கள். பைப்பின் மேல் முனை நீங்கள் சுவரில் போட்ட கீறுக்கு அரை அடி மேலே நிற்கட்டும். தண்ணீர் பைப்புக்குள் ஏறி வெளி மட்டத்தில் நின்றுவிடும், தரைக்கு வராது. பசை போட்டு ஒட்ட வேண்டாம், வெள்ளம் வடிந்ததும் கழற்ற வேண்டும். பைப் நிற்கும்வரை அந்த அறையில் குளிக்கவும் முடியாது, அதை வீட்டில் எல்லோருக்கும் முதலே சொல்லி வையுங்கள்.

தானாக மூடிக்கொள்ளும் வால்வு கடைகளில் இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தலைமயிரும் மணலும் சிக்கினால் முழுதாக மூடாது, அது வெள்ளம் வந்த பிறகுதான் தெரியவரும். காசு செலவழிப்பதென்றால் குழிக்குப் போகிற பைப்பில் கையால் மூடுகிற கேற் வால்வு ஒன்றைப் போடுங்கள்.

சின்ன ஓட்டைகள்

கிணற்று மோட்டருக்குப் போகிற வயர், ஏசி பைப், சுவரும் தரையும் சேருகிற இடத்து வெடிப்பு. வயர் ஓட்டைக்கு சிலிக்கன், வெடிப்புக்கு சீமெந்து. புரட்டாதி வெயிலிலேயே செய்து முடித்துவிடுங்கள், ஈரச் சுவரில் சிலிக்கன் பிடிக்காது.

இனி வாசல்

உரப்பையில் மணலைப் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகப் போடுங்கள், நிரப்ப வேண்டாம். நிரப்பிக் கட்டிய மூட்டை உருண்டையாகி நடுவில் இடைவெளி விடும். வாயைக் கட்டாமல் மடித்து அடியில் போட்டு, செங்கல் கட்டுவதுபோல் மாறி மாறி வைத்து, ஒவ்வொரு வரிசையையும் காலால் மிதியுங்கள். தண்ணீர் வரும் பக்கம் பொலித்தீன் விரித்து அதன் அடியை முதல் வரிசைக்குக் கீழே செருகுங்கள். பொலித்தீன் இல்லாத மண்மூட்டை வடிகட்டிதான்.

மறித்துக்கொண்டு எவ்வளவு உயரத்துக்கும் போகலாம் என்று நினைக்காதீர்கள். மூன்று அடி அகலக் கதவில் ஒரு அடி தண்ணீர் கிட்டத்தட்ட 40 கிலோ பாரத்தோடு தள்ளும், இரண்டு அடி என்றால் அது 160 கிலோ. ஆழம் இரட்டித்தால் தள்ளுவது நாலு மடங்கு. இரண்டு அடியைத் தாண்டினால் சீமெந்துக் கல் சுவருக்கே ஆபத்து, அப்போது மறிப்பதை விட்டுவிட்டு, கதவைத் திறந்து தண்ணீரை உள்ளே விட்டுவிட்டு ஆட்களோடு வெளியேறுங்கள். மெயின் சுவிட்சை அதற்கு நேரத்தோடே, தண்ணீர் பிளக் மட்டத்துக்கு வர முதலே நிறுத்த வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொட வேண்டாம். உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

இன்னொரு விஷயம்: கிடுகு வேலி இருந்த காலத்தில் வளவுத் தண்ணீர் வேலிக்குள்ளால் போய் ஒழுங்கை வாய்க்காலைச் சேரும். இப்போது எல்லோரும் மதில் கட்டிவிட்டோம். மதிலின் அடியில் ஓட்டை விடுங்கள், அயல் வீட்டுக்காரரிடம் கதைத்துவிட்டு விடுங்கள்.

பிறகு சேர்த்தது

நாவாந்துறைப் பக்கமிருந்து ஒருவர், தங்கள் வீட்டில் இருப்பது குந்தியிருக்கும் கக்கூஸ், அதில் பைப் நிற்காதே, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். உண்மைதான், கொமட்டின் விளிம்பு தரையைவிட ஒரு அடிக்கு மேல் உயரம், இது தரையோடு தரை. தடித்த பொலித்தீன் பையில் மணலைத் தளர்வாகப் போட்டு ஓட்டைக்குள் அமர்த்தி, மேலே இன்னொரு மூட்டை வையுங்கள். கடலேரிக் கரையில் வாய்க்கால் தண்ணீரும் சேர்ந்து திரும்புவதால் அங்கே கேற் வால்வுதான் நிரந்தர வழி.

இன்னொருவர் கிணற்றைப் பற்றிக் கேட்டார். வெள்ளம் கிணற்றுக்கட்டைத் தாண்டி உள்ளே போயிருந்தால் குளோரின் போடும்வரை குடிக்க வேண்டாம், பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். வெறுங்காலோடு வெள்ளத்தில் இறங்கவும் வேண்டாம். 2024 மார்கழியில் வடமராட்சியில் எலிக்காய்ச்சல் பரவியது வெள்ளத்துக்குப் பிறகுதான். வெள்ளத்தில் நின்றவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளத்தில் நின்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.