பச்சைத் திரையில் ஓடியது, வெப் சர்வீஸில் ஓடவில்லை

கிடங்கு இருப்பைச் சொல்லும் எங்கள் பழைய புரோகிராம் ஆர்பிஜி என்ற மொழியில் எழுதியது; ஐபிஎம்மின் வணிக சர்வரான ஐபிஎம் ஐ மெஷினில் ஓடுகிறது. பிசிஎம்எல் (புரோகிராம் வாங்கும், தரும் மதிப்புகளின் விவரம்) வரும்படி ரீகம்பைல் மட்டும் செய்து, வெப் வழியே அழைக்கக்கூடிய ரெஸ்ட் சர்வீஸாக ஏற்றினேன். கூப்பிட்டால் 500 எரர். பச்சைத் திரையிலோ (பழைய எழுத்து டெர்மினல்) ஒழுங்காக ஓடுகிறது! ஓட்டத்தின் பதிவான ஜாப் லாக்கில் சிபிஎஃப்4101 என்ற பிழைச் செய்தி: ஃபைல் கிடைக்கவில்லையாம். சர்வீஸ் ஓடியது என் யூசரில் அல்ல, க்யூடபிள்யூசர்வீஸ் என்ற சிஸ்டம் யூசரில். அதன் லைப்ரரி லிஸ்டில் (ஃபைல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) எங்கள் டேட்டா லைப்ரரி இல்லை. சர்வீஸ் அமைப்பில் சேர்த்ததும் சரியானது.

அப்புறம் இன்னொரு கூத்து. இல்லாத பொருள் எண்ணுக்கும் இருப்பு 240 என்று வந்தது. முந்தைய அழைப்பின் மிச்சம் அது! வேகத்துக்காக எவரோ எல்ஆர் இண்டிகேட்டரை (புரோகிராமை முழுதாக முடித்துவிடச் சொல்லும் கொடி) போடாமல் விட்டிருந்ததால் பழைய மதிப்புகள் அப்படியே தங்கிவிட்டன. பொருள் எண்ணை வைத்துப் பதிவைத் தேடும் செயின் கட்டளையில் பதிவு கிடைக்காவிட்டால் இருப்பை 0 ஆக்கும்படி ஒரு வரி சேர்த்தேன். எல்ஆரைத் தொடவில்லை.