நாற்காலி கற்றுக்கொடுத்த கணக்கு

நிமோனியா போய்விட்டது. ஆனால் நாற்காலியை விட்டு எழ இரண்டு கையும் ஊன்ற வேண்டியிருந்தது. எனக்கு வயது 68, பன்னிரண்டு நாள் படுக்கை. எடை அவ்வளவாக இறங்கவில்லை, அதனால் யாரும் கவலைப்படவில்லை. தராசு தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டாது, படுக்கையில் கரைந்தது தசை என்பது எனக்கும் உறைக்கவில்லை.

இயன்முறை மருத்துவர், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். 15 வினாடிக்கு மேல் போனால் கால் வலு குறைவு என்று கணக்கு. எனக்கோ மூன்றாவது முறையே கை நாற்காலியைத் தேடியது.

முதலில் புரத மாவு டப்பா வாங்கிக் குடித்தேன், ஆறு வாரம். பலன் பூஜ்யம். வேலை கொடுக்காத தசைக்குச் சாப்பாடு மட்டும் போட்டால் அது வளராதாம்! அதோடு, வயதானவர் தசை சாப்பிடும் புரதத்துக்கு மந்தமாகத்தான் பதில் கொடுக்கும். அதனால் ஒவ்வொரு வேளையும் போதிய புரதம் வேண்டும்; காலையில் காபியோடு நிறுத்திவிட்டு இரவில் மொத்தமாகத் தின்பது சரிவராது.

பிறகு மாற்றினேன். சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்ததால், உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று மருத்துவர் குறித்தார். என் 60 கிலோவுக்கு 72 கிராம், மூன்று வேளைக்கும் 24 வீதம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்று தெரிந்தபோது கொஞ்சம் மலைப்பு. மீதியைப் பாலும் பருப்பும் மீனும் ஈடுகட்டின.

அதே நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சி, ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் வாரத் தொடைவலியைச் சொல்லி மாளாது. மூன்று மாதத்தில் ஐந்து முறைக்கு 14 வினாடி. படியேறும்போது மட்டும் இன்னும் கைப்பிடியை விடவில்லை.