பள்ளம் தோண்டுமுன்: பந்திங் வீடுகளில் நீச்சல் குளமும் ஜக்கூசியும்

குத்தகையாளரைக் கூப்பிடுவதற்கு முன் வீட்டு கெரானை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள். நிலத்தின் வகை 'பங்குனான்' (கட்டடம்) என்றிருந்தால் வேலையைத் தொடரலாம். 'பெர்த்தானியான்' (விவசாயம்) என்றிருந்தால் முதலில் நில அலுவலகத்துக்குப் போக வேண்டும். பந்திங்கைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களை ஒட்டியிருக்கும் பல லாட்டுகள் இன்னும் விவசாய நிலமாகவே இருக்கின்றன. வீடு கட்டிக் குடியிருப்பதால் மட்டும் நிலத்தின் வகை மாறிவிடாது. கெரானில் எழுதியிருக்கும் நிபந்தனையையும் முழுதாகப் படியுங்கள்.

அடுத்தது நகராண்மைக் கழகம். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 70-ஆம் பிரிவின்படி, உள்ளூராட்சியின் எழுத்து அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது. தரைக்குள் இறங்கும் கான்கிரீட் குளத்துக்கும் பிளான் போட வேண்டும். பதிவுபெற்ற கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோ வரைந்து கையெழுத்திட்ட பிளானை நகராண்மைக் கழகத்தின் ஓஎஸ்சி (ஒரே இட அனுமதி மையம்) முகப்பில் ஒப்படைக்க வேண்டும். எல்லைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதம் தேவையா, கழிவு நீர் எந்த லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) விழும் என்ற மூன்றையும் வரைவதற்கு முன்பே அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். மலக்குழித் தொட்டியும் கழிவுக் குழாயும் ஓடும் இடத்தையும் பிளானில் காட்டச் சொல்லுங்கள். அனுமதியில்லாமல் கட்டியதை இடிக்கச் சொல்லும் அதிகாரம் நகராண்மைக் கழகத்துக்கு உண்டு. கட்டிய பிறகு பெர்மிட் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லும் குத்தகையாளரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

காகித வேலை முடிந்தாலும் மண் விடாது. பந்திங் இருக்கும் கோல லங்காட் பகுதியில் பல இடங்களில் கடற்களிமண் அல்லது கரிமண்தான். மழைக்காலத்தில் ஓரடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழமுள்ள குளத்தை எடுத்துக்கொள்வோம். சுவரும் தரையும் 20 சென்டிமீட்டர் தடிப்பாக இருந்தால் கான்கிரீட்டின் எடை சுமார் 32 டன். நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே நின்றால்கூட அந்தத் தொட்டியை மேலே தள்ளும் விசை 40 டன்னைத் தாண்டும். குளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. கழுவுவதற்காக முழுதாக இறைத்துவிட்டால் குளம் படகுபோல மேலெழும், குழாய்கள் முறியும், டைல்ஸ் வெடிக்கும். அதனால் மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். குளத்தின் தரையில், அடியிலிருந்து தள்ளும் நீரை உள்ளே விட்டு அழுத்தத்தைக் குறைக்கும் நீரழுத்த வால்வும், ஓரத்தில் நிலத்தடி நீர்மட்டத்தைப் பார்க்கும் குழாயும் வைக்கச் சொல்லுங்கள். குழாயில் நீர் உயர்ந்து நிற்கும் நாளில் குளத்தைக் காலி செய்யவே வேண்டாம்.

குளத்தின் தரை வடிகாலை ஒன்றோடு நிறுத்தினால், அதன் மேல் உட்காரும் பிள்ளையை பம்பின் உறிஞ்சல் பிடித்துக்கொள்ளும். இரண்டு வேண்டும். அவற்றுக்கிடையே குறைந்தது 90 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, குவிந்த மூடி போடுங்கள்.

மின்சார வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன் மட்டுமே செய்யட்டும். ஈரமான இடத்துக்கு 10 மில்லிஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) வேண்டும். குளத்துக்குள் எரியும் விளக்கு 12 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. இடி மின்னலின்போது ஆர்சிடி அடிக்கடி விழுகிறது என்று 100 மில்லிஆம்பியர் ஒன்றை மாற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். பயங்கரமான தவறு இது. 30 மில்லிஆம்பியர் உடம்பில் ஓடினாலே உயிர் போகலாம். விழுவதற்கு ஈரம் புகுந்த இணைப்புதான் பெரும்பாலும் காரணம், அதைத் தேடிச் சரிசெய்யச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

வேலி விஷயத்தில் நகராண்மைக் கழகம் கேட்காவிட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆஸ்திரேலிய அளவு நல்ல அளவு: உயரம் 1.2 மீட்டர், கம்பிகளுக்கிடையே 10 சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளி, வெளிப்பக்கம் திறந்து தானாக மூடும் கதவு. வேலியை ஒட்டிப் பூத்தொட்டி, நாற்காலி எதையும் வைக்காதீர்கள், பிள்ளைகள் ஏறிக் குதித்துவிடும். ஆஸ்திரேலியாவில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் தண்ணீர் பிடிக்கும், காற்றடித்து விரிக்கும் குளத்துக்கும் வேலி கட்டாயம். நம் வீட்டில் அதைக் குளித்து முடித்ததுமே கவிழ்த்து வையுங்கள்.

கொசுவுக்கு 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. குளோரின் கலந்து சுழலும் நீரில் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளராது. மூடும் தார்ப்பாயின் மடிப்பு, பம்ப் குழி, நீர் நிரம்பி வழியும் தொட்டி ஆகியவைதான் ஆபத்து. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் போதும், அதனால் வாரம் ஒரு முறை இவற்றைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். கொட்ட முடியாத குழியில் 10 லிட்டருக்கு 1 கிராம் அபேட் (கொசுப்புழுவைக் கொல்லும் மருந்து) போடுங்கள்.

மேலே சொன்ன அளவுள்ள குளத்தில் ஏறக்குறைய 38,400 லிட்டர் பிடிக்கும். 65 விழுக்காட்டுக் குளோரின் தூள் 60 கிராம் போட்டால் அளவு 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) ஏறும். 1 முதல் 3 வரை வைத்துக்கொள்ளுங்கள், நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.6 வரை. வெயில் குளோரினைத் தின்றுவிடும், ஆகையால் மாலையில் போடுவதே நல்லது. தூளைத் தண்ணீரில் போடுங்கள், தூளின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிஎச்சைக் குறைக்கப் போடும் அமிலத்தோடு குளோரின் தூள் சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும், எனவே இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

ஜக்கூசியில் நீர் குறைவு, சூடு அதிகம், அதனால் குளோரின் 3 முதல் 5 வரை வேண்டும். சூடு 40 பாகையைத் தாண்டக்கூடாது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் இறங்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை முழு நீரையும் மாற்றுங்கள். வெளியேற்றும் முன் குளோரின் போடுவதை நிறுத்தி, மூடியைத் திறந்து இரண்டு மூன்று நாள் வெயிலில் விடுங்கள். சோதித்துக் குளோரின் இல்லையென்று தெரிந்த பிறகே லோங்காங்கில் விடலாம், இல்லாவிட்டால் கீழே ஓடும் பாரிட்டில் (வாய்க்காலில்) மீன்கள் செத்து மிதக்கும்.