குமரிக்குப் போகிறவர்கள் முதலில் போக வேண்டிய வீடுகள்

வெளிநாட்டிலிருந்து விடுப்பில் குமரி மாவட்டத்துக்கு வரும் பலர், திருவனந்தபுரத்தில் இறங்கி நாகர்கோவில் வரும் காரிலேயே பட்டியல் போட்டுவிடுகிறார்கள்: வங்கி, பட்டா, பல் மருத்துவர், விவேகானந்தர் பாறை, திற்பரப்பு அருவி. மூன்று வார விடுப்பில் உறவினருக்கு மிஞ்சுவது, போகிற வழியில் பத்து நிமிடம். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நீங்கள் இல்லாத நாட்களில் சாவு நடந்த வீடுகளுக்கு முதலில் போங்கள். துட்டி கேட்பது என்று ஊரில் சொல்வோம். அன்றே வாட்ஸ்அப்பில் இரங்கல் அனுப்பியிருந்தாலும் நேரில் போகாதவரை நீங்கள் கேட்டதாகக் கணக்கில்லை. பரிசுப் பையோடு போகாதீர்கள். கிளம்பும்போது 'போய் வருகிறேன்' என்று சொல்லவும் கூடாது.

பெரியப்பா இறந்த பிறகு வந்த பயணத்தில், தக்கலை அருகே இருக்கும் பெரியம்மை வீட்டுக்கு நான் போனது பதினைந்தாவது நாள். வெளியே கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் மட்டிப் பழம் வைத்துவிட்டு, "எப்போது வந்தாய் மக்களே?" என்றார். இரண்டு வாரம் ஆகிறது என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு பழத்தை உரித்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த முறை வந்திறங்கிய மறுநாள் காலையே போய், போனை அணைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். கடைசி வாரத்தில் பெரியப்பா கருப்பட்டிக் காப்பி கேட்டது, மருத்துவர் வேண்டாம் என்றது, கொடுக்காமல் விட்டது இன்னும் உறுத்துவது என்று இரண்டு மணி நேரம் பேசினார். நான் ஆறுதல் சொல்ல முயலவில்லை. குறுக்கே பேசாமல் கேட்டதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் முறை சொல்லிக் கூப்பிடப் பழக்கிவிட்டுக் கிளம்புங்கள். பாட்டா (தாத்தா), மைனி (அண்ணி), சித்தப்பா என்று அழைத்தால் பெரியவர்கள் முகம் மலரும். 'ஆன்ட்டி' என்றால் சுருங்கும். ஒரே பிள்ளையைப் பார்த்து 'மக்களே' என்பார்கள். அது பன்மை அல்ல, வாஞ்சை என்பதையும் சொல்லிவையுங்கள்.

சொத்துப் பேச்சில்தான் பாதி உறவுகள் முறிகின்றன. கல்யாண வீட்டிலோ சாப்பாட்டு இலையின் முன்னோ அதை எடுக்காதீர்கள். பாகம் கேட்பதற்கு முன், இத்தனை ஆண்டுகள் தீர்வை கட்டியது யார், தேங்காய் வெட்ட ஆள் பிடித்தது யார் என்று கேளுங்கள். அதைச் செய்த தம்பிக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்லுங்கள். அதன் பிறகு பேசுவதை எழுதிக்கொள்ளுங்கள். எழுதி வைப்பது அவநம்பிக்கை ஆகாது, பின்னால் வரும் சண்டையைத் தடுக்கும். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், தாத்தா காலத்துப் பத்திரங்கள் பல மலையாளத்தில், கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். 1110 என்று கண்டால் அது 1934-35. படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் பெரும்பாலும் குடும்பத்திலேயே இருப்பார். அவர் பக்கத்தில் அமர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். எல்லைக்கல்லோடு அந்த மண்ணின் கதையும் சேர்ந்து வரும்.

வேலைக்காரர்களிடமும் இதே பொறுமை வேண்டும். ரப்பர் பால் வெட்டுபவர் விடியும் முன்பே தோட்டத்தில் இருப்பார். மதியம் அவரைத் தேடிப் போய் 'ஆளே இல்லை' என்று குறைபட்டுப் பயனில்லை. ஜூலையில் வருகிறவர்கள் தென்மேற்குப் பருவமழையை நினைவில் வையுங்கள்: மழை நாளில் பால் வெட்டு நிற்கும், கொத்தனாரின் பூச்சு வேலையும் நிற்கும். அக்டோபரில் வடகிழக்கு மழை தொடங்கும். பால் ஏன் குறைந்தது என்று அதட்டுவதற்கு முன் எத்தனை நாள் மழை என்று கேளுங்கள். கூலியைச் சொன்ன நாளில் கொடுங்கள். அவர் காதுபட அதை டாலராக மாற்றிப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று வியப்பது அவருடைய ஒரு நாள் உழைப்பைச் சிறுமைப்படுத்துவது.

மாவட்டத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் என்பதால், ஞாயிறு காலையில் யாரையும் வேலைப் பேச்சுக்கு அழைக்காதீர்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கோ மாசியில் மண்டைக்காட்டுப் பகவதி அம்மன் கோயில் கொடைக்கோ அழைத்தால், உங்கள் மதம் எதுவானாலும் போங்கள்.

வெளிநாட்டுக்குத் திரும்பும் தேதியை, குடும்பத்தில் மூத்தவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். விமானம் இறங்கியதும் முதல் அழைப்பு அவருக்கே போகட்டும். அங்கே நள்ளிரவாக இருக்குமே என்று தயங்காதீர்கள். 'சேர்ந்துவிட்டேன்' என்ற சொல் வரும்வரை பெரியம்மை தூங்குவதில்லை.