கோட்டைப் புல்லில் நாவல் சண்டை

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் நாங்கள் நாலு பேர் வேலூர் கோட்டை அகழியோரப் புல்லில் உட்கார்ந்து, படித்த இளையோர் நாவலைப் பற்றிப் பேசுவோம். எல்லோரும் பிளஸ் ஒன். ஆரம்பத்தில் 'செம', 'மொக்கை' என்ற இரண்டு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். மீதி நேரம் சுண்டல்தான்.

இப்போது வேறு வழக்கம். படிக்கும்போதே எங்கே எரிச்சல் வந்தது, எங்கே கண் ஈரமானது என்று பஸ் டிக்கெட்டின் பின்னால் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு அப்புறம் காரணம் சொல்லுங்கள்.

சுசான் காலின்ஸ் 2008-ல் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' நாயகி காட்னிஸுக்குத் திமிர் என்றாள் ஒருத்தி. கதையைச் சொல்வதே காட்னிஸ்தானே, அதுவும் எல்லாம் நடக்க நடக்கவே சொல்கிறாள், அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது, அதனால்தான் அவளோடு போட்டியில் இருக்கும் பீட்டாவை நாமும் சந்தேகப்படுகிறோம் என்று நான் பக்கத்தைப் புரட்டினேன். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. கதையை யார் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக வளரும்.

முடிவைச் சொல்லும் முன் "முடிச்சாச்சா?" என்று கேளுங்கள். நான் கேட்காமல் உளறியதில் ஒருத்தி ஒரு வாரம் காட்பாடி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவே இல்லை. எழுத்தாளரைத் திட்டலாம், ரசித்தவளைத் திட்டாதீர்கள். சரி, ஆறரைக்கே எழுந்துவிடுங்கள். அகழிக் கொசு பொல்லாதது.